திரும்பும்போது கரகரக்கும் கார்: பாகம் வாங்கும் முன் காதைக் கொடுங்கள்

நேராகப் போகும்போது அமைதியாக இருக்கும் கார், வளைவில் மட்டும் கரகரவென்று அரைக்கிறதா? முதல் வேலையாகக் கடைக்கு ஓடாதீர்கள். நாமக்கல்லில் எங்கள் தெருக்காரர்கள் வண்டியில் சத்தம் கேட்டால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். "ஆக்ஸில் போயிடுச்சுண்ணே" என்று முடிவோடு வருபவர்கள்தான் அதிகம். எந்தப் பக்கம், என்ன மாதிரி சத்தம், எப்போது வருகிறது என்ற மூன்றும் தெரியாமல் நான் ஸ்பானரைத் தொடுவதில்லை.

சத்தத்தைப் பிடிக்க ஒரு காலி மைதானம் போதும். ஓரத்தில் நீளமான காம்பவுண்டுச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால், சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும். ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பாருங்கள், காலை எடுத்துப் பாருங்கள், பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டக்-டக்-டக் என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப அடித்தால், அது சிவி ஜாயின்ட்: முன்சக்கரத்தைச் சுற்றும் ஆக்ஸில் தண்டின் முனையில், சக்கரம் திரும்பினாலும் வளைந்து கொடுக்கும் இணைப்பு. ஸ்டீயரிங்கை ஒடித்தபடி வண்டியை நிறுத்திவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் தெரியும். அது கிழிந்திருந்தால், கருப்பு கிரீஸ் ரிம்மின் உள்பக்கமெல்லாம் தெறித்து அப்பியிருக்கும். பூட் கிழிந்தும் சத்தம் இன்னும் வரவில்லை என்றால் அதிர்ஷ்டம்தான்: ஜாயின்டைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டால் போதும். டக்-டக் வந்துவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டும். கிரீஸ் அடைத்துச் சமாளிக்க முடியாது. ஆம்னி, அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னால் இந்த ஜாயின்டே கிடையாது. அதற்கும் யாராவது ஆக்ஸில் கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

தகரத்தைத் தேய்ப்பது போல 'சர்ர்... சர்ர்' என்று கேட்டால், பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள். ஜல்லி கொட்டிய ரோட்டில் போய் வந்த வண்டிகளில் இது சர்வசாதாரணம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஆக்ஸிலையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றினால், சுண்டைக்காய் அளவு கல் ஒன்று தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. டிஸ்க்கின் உள்பக்கத்தில் வட்டமாகப் பளபளவென்று ஒரு கீறல். கல்லைத் தட்டி எடுத்து, வளைந்த தகட்டை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் நெம்பி விட்டதும் சரியாகிவிட்டது. சக்கரம் கழன்று இருக்கும்போதே பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அரைக்கிறது என்றால் பேட் முழுக்கத் தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகின்றன. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஏமாற்றுவது வீல் பேரிங்தான், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழல உதவும் குண்டு வளையம். 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கி, வேகம் ஏற ஏறக் கூடும். டயர் தேய்ந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். பிரித்துக் காட்டுவது வளைவு: இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் வலது பேரிங் போயிருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு திருப்பத்தில் முனகும், அடுத்த திருப்பத்தில் அடங்கும்.

உறுதிசெய்ய வண்டியைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ, கீழே சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டோ தேய்ந்திருக்கிறது. பால் ஜாயின்ட் என்றால் அன்றே மாற்றுங்கள்; அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஆட்டமே இல்லாவிட்டாலும் ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலைக் கையால் அளைவது போன்ற சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும்.

பல சின்ன கார்களில் இந்தப் பேரிங், நக்கிள் என்ற சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்துக்குள் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) போட்டு ஏற்றப்பட்டது. நக்கிளைக் கழற்றி, பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள், சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் பேரிங்கின் வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் புது பேரிங்கின் குண்டுகள் தடம் பதித்து, அங்கேயே கெட்டுவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால், சில பேரிங்குகளில் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். ஆக்ஸில் நட்டு புதிதாகப் போட்டு, உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். அது இறுகாமல் வண்டியைத் தரையில் உருட்டவே கூடாது.

மிச்சமெல்லாம் சின்ன விஷயம். முழுக்க ஒடித்தால் மட்டும் டயர் உரசினால், வீல் ஆர்ச்சின் பிளாஸ்டிக் லைனரில் கிளிப் விட்டிருக்கும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்றால், அதன் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்டைப் பாருங்கள். எண்ணெய் பவர் ஸ்டீயரிங் உறுமினால் எண்ணெய் அளவைப் பாருங்கள்; குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே மைதானத்தில், அதே சுவரை ஒட்டி, அதே வட்டங்களை ஒருமுறை அடித்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.