ஒரு லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கில் இன்னொரு லினக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவுக்குப் பக்கத்தில் ஃபெடோராவையோ டெபியனையோ போட நினைப்பவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் இடம் போதுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். இடத்தை எப்படியாவது ஒதுக்கிவிடலாம். வம்பு வருவது இரண்டு சிஸ்டமும் பங்கு போட்டுக்கொள்ளும் இடங்களில்தான்: ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி), ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்), ஹோம் (உங்கள் ஃபைல்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்), பூட் மெனு (எந்த சிஸ்டத்தைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்).

முதலில் பேக்கப். அது இல்லாமல் பார்ட்டிஷனில் கை வைக்கவே வேண்டாம். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் என்றால் உள்ளே இருந்தபடி அதைச் சுருக்க முடியாது. லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் யூஎஸ்பி) பூட் செய்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் என்றால் ஜிபார்ட்டெடாலும் சுருக்க முடியாது.

பழைய சிஸ்டம் யூஇஎஃப்ஐ (புதிய கணினிகளின் பூட் முறை) முறையில் இருந்தால் யூஎஸ்பியையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். இன்ஸ்டாலரில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஃபார்மேட்' பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் பழைய சிஸ்டத்தின் பூட் ஃபைல்கள் போய்விடும். உபுண்டு பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டுமே ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற ஒரே பெயருள்ள ஃபோல்டரைத்தான் பயன்படுத்துகின்றன. பின்னால் வந்தது முன்னதன் மேல் எழுதிவிடும். தரவு எதுவும் அழியாது, ஆனால் பூட் மெனு புதியவரின் கைக்குப் போய்விடும்.

நிறையப் பேரைக் குழப்புவது ஸ்வாப்தான். புது சிஸ்டம் நன்றாக வேலை செய்யும். பழையதற்குத் திரும்பினால் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். இன்ஸ்டாலர் ஸ்வாப்பை மறுபடி ஃபார்மேட் செய்ததால் அதன் யூயூஐடி (அடையாள எண்) மாறியிருக்கும். பழைய சிஸ்டமோ தன் எஃப்ஸ்டேப் ஃபைலில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) உள்ள பழைய எண்ணைத் தேடிக் காத்திருக்கும். புது எண்ணை அங்கே எழுதினால் சரியாகிவிடும். ஹைபர்னேட் (அப்போதைய நிலையை ஸ்வாப்பில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) விஷயம் இதைவிட ஆபத்தானது. ஒன்றை ஹைபர்னேட்டில் விட்டு, அதே ஸ்வாப்பைப் பயன்படுத்தும் இன்னொன்றை பூட் செய்தால், சேமித்த நிலை அழியலாம். அந்த நேரத்தில் முதல் சிஸ்டத்தின் பார்ட்டிஷனில் எழுதினால் ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போகலாம். ஹைபர்னேட் வேண்டுமென்றால் ஆளுக்கொரு ஸ்வாப் வையுங்கள்.

ஒரே ஹோமை இரண்டுக்கும் கொடுப்பது வசதியாகத் தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். புதிய பதிப்பு எழுதிய அமைப்புகளைப் பழைய பதிப்பு படிக்கும்போது டெஸ்க்டாப் தாறுமாறாகும். புதிய ஃபயர்ஃபாக்ஸ் திறந்த புரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் ஏற்க மறுக்கும். ஹோம் தனித்தனியாக இருக்கட்டும். ஆவணங்களுக்கும் படங்களுக்கும் ஒரு பொதுப் பார்ட்டிஷன் போதும். ஆனால் இரண்டிலும் உங்கள் யூசர் எண் ஒன்றாக இருக்க வேண்டும் (வழக்கமாக 1000), இல்லையென்றால் சொந்த ஃபைலிலேயே எழுத அனுமதி கிடைக்காது.

அப்புறம் பூட் மெனுவைக் காட்டும் கிரப். 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) அதை இயக்கியே தருகின்றன, சில தருவதில்லை. மெனுவில் பழைய சிஸ்டம் காணவில்லை என்றால் பதறி மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். கிரப் அமைப்பில் ஓஎஸ்-புரோபரை இயக்கி, மெனுவைப் புதிதாக உருவாக்கினால் வந்துவிடும். மெனுவை வைத்திருக்காத சிஸ்டத்தில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆனாலும், மெனுவை வைத்திருக்கும் சிஸ்டத்தில் அதை மறுபடி உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் மெனு பழைய கெர்னலையே பூட் செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது சிஸ்டத்தை ஒருநாள் நீக்குவதானால், முதலாவதன் கிரப்பை பூட் வரிசையில் முன்னால் கொண்டுவந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே பார்ட்டிஷனை அழியுங்கள்.