ஏஐ படத்தில் ஜிலேபியான தமிழ்: என் அனுபவம்

மும்பை மாட்டுங்கா பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்க என்னிடம் வருபவர்கள் இப்போது ஏஐ படத்தோடுதான் வருகிறார்கள். குத்துவிளக்கு அம்சமாக இருக்கும். 'திருமணம்' மட்டும் ஜிலேபி பிழிந்த மாதிரி. அதைத் திருத்தப் பார்ப்பது வீண். எழுத்தே இல்லாமல் படத்தை உருவாக்கி, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு (எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) எழுத்துருவில் தட்டச்சு செய்கிறேன்.

அங்கேயும் 'கெ'யின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு அடுத்துத்தான் சேமிக்கப்படும். இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போஸர்' போட்டதும் சரியானது. அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிவிடுங்கள்.

ஏஐ படத்தின் அளவையும் பாருங்கள். 1024 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் 3.4 அங்குலம்தான். 5 அங்குல அட்டைக்கு 1500 பிக்சல் வேண்டும்.