காங்கா பழகுவோருக்கு: ஓங்கி அடிக்கும் அடி சமம் இல்லை

சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் காங்கா என்ற, கையால் தட்டும் கியூபா மேளத்தை வாங்கினேன். தோல்தானே, கைதானே, ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. எட்டு மாதம் ஆனது. அதில் மூன்று வாரம் முழுக்கத் தப்பாக வாசித்தேன், தப்பு என்றே தெரியாமல். அந்த மூன்று வாரமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான்கு வரை எண்ணிக்கொண்டே காலால் தரையைத் தட்ட வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அது வந்தால் போதும்.

படி 1: எதை வாங்குவது

கியூபாவில் இதன் பெயர் தும்பதோரா. சின்னது கின்தோ, நடு அளவு காங்கா, பெரியது தும்பா. ஒன்று போதும், நடு அளவாகப் பாருங்கள். மூன்றும் சேர்ந்த செட்டை முதல் நாளே வாங்கியவர்கள் வீட்டில் இரண்டு பூந்தொட்டி ஸ்டாண்டாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

"ஜெம்பேதான் மலிவு, அதில் பழகலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஜெம்பே மாலி, கினி பக்கத்து மேளம். வாய் அகலம், இடுப்பு ஒடுங்கியது, அடியும் வேறு. அதைப் படிக்க ஆசை என்றால் அதையே முறையாகப் படியுங்கள்.

கடையில் புதிது வேண்டாம் என்று ஆன்லைனில் பழையது ஒன்றை எடுத்தேன். தோலின் ஓரத்தில் மயிரிழை விரிசல். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. நேரில் போய்த் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் மாட்டுத்தோல் மழைக்குத் தொய்கிறது, மே மாதத்தில் விறைக்கிறது. நான் செயற்கைத் தோலுக்கு மாறிவிட்டேன். சத்தம் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் நிம்மதி. நிஜத்தோல்தான் வேண்டும் என்பவர்கள் வாசித்து முடித்ததும் ஸ்பேனரால் திருகுகளைத் தளர்த்திவிடுங்கள்.

முன்பெல்லாம் திருகே கிடையாது. தோலை ஆணி அடித்துப் பொருத்தி, நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். பறையைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காசு இல்லையா? ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று போதும். விளையாட்டாகச் சொல்லவில்லை, ரும்பா என்ற கியூபா இசையின் வழக்கமே அதுதான். கருவாட்டு மீன் வந்திறங்கிய மரப்பெட்டிகளிலும் மேசை இழுப்பறைகளிலும் தட்டி வளர்ந்த இசை அது. யாம்பு என்ற மெதுவான ரும்பா வகையை இன்றும் பெட்டியில் வாசிக்கிறார்கள்.

படி 2: மேளத்தைத் தொடாமல் ஒரு வாரம்

க்ளாவே என்பது இரண்டு மரக்குச்சி. அந்தக் குச்சி தட்டும் ஐந்து அடிக் கோலத்துக்கும் அதே பெயர். கூட்டத்தில் எல்லோரும் இதன் மேல்தான் நிற்கிறார்கள். கோலாட்டக் குச்சி ஜோடி இருந்தால் எடுங்கள். ஒன்றை இடது கையில் இறுக்காமல், உள்ளங்கை குழிந்து நிற்க, சும்மா வைத்துக்கொண்டு மற்றதால் தட்டுங்கள். இறுக்கினால் சத்தம் செத்துவிடும்.

பதினாறு மாத்திரையில், அதாவது பதினாறு சம எண்ணிக்கையில், சோன் என்ற கியூபா இசை வகையின் க்ளாவே இப்படி வரும்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் ஒரு தட்டு. 3+3+4+2+4. ரும்பா க்ளாவேயில் மூன்றாவது தட்டு மட்டும் ஒரு மாத்திரை தள்ளி விழும்:

தகிட தகதிமி தகிட தக தகதிமி

இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை காலைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். நடக்கும்போது சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள். சொற்கட்டு படித்தவர்களுக்கு இது பத்து நிமிஷ வேலை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் மண்டைக்கனம் ஏறியது.

படி 3: நான்கு அடிகள்

உள்ளங்கை: இடது கையின் அடிப்பகுதியைத் தோலின் நடுவே வைப்பது. அடிப்பது இல்லை, வைப்பதுதான்.

விரல்: அதே கையை எடுக்காமல் முன்பக்கம் சாய்த்து விரல்களால் தொடுவது. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும்.

திறந்த அடி: விரல்களைச் சேர்த்து, விரல் தொடங்கும் மேட்டுப்பகுதி விளிம்பில் பட, விரல்கள் தோலில் பட்டு உடனே எழும்ப வேண்டும். கட்டைவிரல் வெளியே. "டும்" என்று நின்று ஒலிக்கும்.

சாட்டை அடி: இதுதான் எல்லோருக்கும் வராதது. "டப்" என்று வெடிக்க வேண்டும். நான் பலத்தால் வரும் என்று நினைத்து அடித்து, மோதிர விரல் இட்லி மாதிரி வீங்கி நான்கு நாள் சும்மா இருந்தேன். பலம் வேண்டாம். கையில் கொஞ்சம் தண்ணீர் ஏந்தியிருப்பது போல லேசாகக் குழித்து, மணிக்கட்டைத் தளரவிட்டு, விரல் நுனிகள் மட்டும் தோலில் விழும்படி விடுங்கள். விழுந்தபின் அங்கேயே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் "தொப்" என்றுதான் வரும். பரவாயில்லை.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

படி 4: தும்பாவ், நான் வழுக்கி விழுந்த இடம்

தும்பாவ் என்பது காங்காவின் அடிப்படைக் கோலம். எட்டு மாத்திரை. வலது கை பழக்கம் உள்ளவருக்கு:

1 உள்ளங்கை (இடது)
2 விரல் (இடது)
3 சாட்டை (வலது)
4 விரல் (இடது)
5 உள்ளங்கை (இடது)
6 விரல் (இடது)
7 திறந்த அடி (வலது)
8 திறந்த அடி (வலது)

கால் 1, 3, 5, 7இல் தட்டும். கைக்கு இது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். எனக்கும் வந்தது. அப்புறம் பாட்டு போட்டு அதோடு சேர்ந்து வாசித்தேன். ஏதோ ஒட்டவில்லை. வேகம் சரி, அடி சரி, ஆனால் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இருந்தது. மூன்று வாரம் சுருதி சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று காரணம் தேடினேன். ஒரு நாள் அக்கா பையன், அவனுக்குப் பதினொரு வயது, பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "மாமா, நீங்க மட்டும் தனியா ஆரம்பிக்கிறீங்க."

போனில் பதிவு செய்து கேட்டேன். அவன் சொன்னது சரி. சத்தமாக விழுவது அந்த "டும் டும்" இரண்டும்தான். மிருதங்கம் வாசித்த காது, கனமான அடி எங்கே விழுகிறதோ அதுதான் சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடம், என்று எடுத்துக்கொள்கிறது. கை சரியான வரிசையில் போகிறது, மனம் மட்டும் ஏழாவது மாத்திரையை ஒன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு காலடி முழுக்கத் தள்ளி நிற்கிறேன்!

உண்மையில் ஒன்று என்பது அந்தச் சத்தமே வராத உள்ளங்கை. கனம் எல்லாம் நாலாவது காலடியில். அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுகிற அடி அது, வந்து இறங்குகிற அடி அல்ல. சமத்தில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனை பழகியவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடலாம், எனக்குப் பிடிபடவில்லை.

சரி செய்த விதம்: முதல் உள்ளங்கை வைக்கும்போது வாயால் "தா" என்று சத்தமாகச் சொன்னேன். மற்ற ஏழுக்கும் வாய் மூடி. தினமும் பதினைந்து நிமிஷம், ஒன்பது நாள். பத்தாவது நாள் "தா" சொல்லாமலேயே கால் அந்த இடத்தில் விழுந்தது.

படி 5: க்ளாவேயோடு சேர்ப்பது

க்ளாவே ஒரு சுற்று ஓடும் நேரத்தில் தும்பாவ் இரண்டு முறை வரும். போனில் க்ளாவேயைப் பதிந்து ஓடவிடுங்கள். மெட்ரோனோம் செயலியைவிட இதுதான் நல்லது. மெட்ரோனோம் வேகத்தைத்தான் சொல்லும், எந்தப் பாதியில் நிற்கிறோம் என்று சொல்லாது.

சோன் க்ளாவேயின் ஐந்து தட்டுகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்றால்: முதலாவது உள்ளங்கையோடு, இரண்டாவது சாட்டைக்கு அடுத்த விரலோடு, மூன்றாவது முதல் "டும்"மோடு, நான்காவது இரண்டாம் சுற்றின் சாட்டையோடு, ஐந்தாவது அதற்கடுத்த உள்ளங்கையோடு. ரும்பா க்ளாவே போட்டால் மூன்றாவது தட்டு இரண்டாவது "டும்"முக்கு நகரும். இது கேட்டால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

படி 6: பன்னிரண்டு, அதாவது ஆப்பிரிக்கா

இதுவரை வந்தவர்கள் ஒரு மண்வெட்டித் தலையைத் தேடி எடுங்கள். நிஜமாகத்தான். கியூபாவில் குவாதாகா என்பது மண்வெட்டித் தகடு. கரும்புத் தோட்டக் கருவியையே மணியாக்கிக்கொண்டார்கள். பெரிய ஆணியால் தட்டுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

தக தக த தக தக தக த

பன்னிரண்டு மாத்திரை, ஏழு தட்டு. மூன்று மாத்திரைக்கு ஒருமுறை கால். நான்கு காலடியில் நடு இரண்டில் மணி இருக்காது. அந்த வெற்றிடத்தில் தடுமாறாமல் கால் போக வேண்டும், அதுதான் பயிற்சி.

இப்போது ஒரு வேடிக்கை. இந்த ஏழில் மூன்றாவது தட்டையும் ஏழாவது தட்டையும் விட்டுவிடுங்கள். மிஞ்சுகிற ஐந்தும் ரும்பா க்ளாவேயின் பன்னிரண்டு மாத்திரை வடிவம். மூன்றாவதற்குப் பதில் நான்காவதை விட்டால் சோன் க்ளாவே. இந்த ஏழு தட்டு மணியைக் கானாவின் எவே மக்களிடமும் நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் கேட்கலாம், கியூபாவிலும் கேட்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களிடம் மேளம் இல்லை, மணி இல்லை. தலைக்குள் இருந்த கணக்கை எவராலும் பிடுங்க முடியவில்லை.

கியூபாவில் இது இவ்வளவு கெட்டியாக நின்றதற்குக் காரணம் உண்டு. அங்கே அடிமைமுறை 1886 வரை நீடித்தது. 19ஆம் நூற்றாண்டில் யொருபாக்களின் ஓயோ அரசு சரிந்தபோது யொருபா மக்கள் கூட்டங்கூட்டமாகப் பிடித்து வரப்பட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். காங்காவின் முன்னோர் காங்கோ பக்கத்து யூகா, மகூதா மேளங்கள். யொருபாவிடமிருந்து வந்தவை பாத்தா மேளங்கள். அபாக்குவா என்ற ஆண்கள் சங்கத்தின் மேளம், நைஜீரியா கேமரூன் எல்லையின் எக்பே சங்கத்திலிருந்து வந்தது. ஹெய்த்தியின் ராதா மேளங்களின் பெயரே மேற்கு ஆப்பிரிக்காவில் தஹோமியின் (இன்றைய பெனின்) அல்லாதா என்ற ஊர்தான். டிரினிடாடில் 1880களில் ஆங்கிலேய அரசு மேளத்தை ஒடுக்கியபோது மூங்கிலை வெட்டித் தரையில் குத்தி வாசித்தார்கள்.

எங்கே போனாலும் ஏற்பாடு ஒன்றுதான்: ஒரு மணியோ குச்சியோ, அசையாமல் ஒரே கோலத்தை வாசிக்கும் ஒன்றிரண்டு மேளம், பேசுகிற, அதாவது மனோதர்மமாக மாற்றி மாற்றி வாசிக்கிற, ஒரு மேளம். யார் பேசுவது என்பதில்தான் வித்தியாசம். பாத்தாவில் பெரியதான இயா, அதாவது தாய், பேசும். ஹெய்த்தி ராதாவிலும் பெரியதான மன்மன்தான். ரும்பாவிலோ சின்னதான கின்தோ. போர்ட்டோ ரிக்கோவின் போம்பா, குவாதலூப்பின் குவோகா, ஜமைக்காவின் நயாபிங்கி எல்லாவற்றிலும் உயர்ந்த சுருதி மேளமே பேசுகிறது. போம்பாவில் இன்னொரு படி மேலே: ஆடுபவர் காட்டும் அசைவை மேளம் அடிக்க வேண்டும்.

(குவாதலூப் என்றதும் ஒன்று. 1854 முதல் அங்கே கரும்புக்குக் கூட்டிப்போன தமிழர்கள் தப்பு மேளத்தையும் கொண்டுபோனார்கள். இன்னும் கோயில்களில் அது ஒலிக்கிறது.)

கேட்க வேண்டும் என்றால் 1952இல் தொடங்கிய கியூபா ரும்பாக் குழுவான லோஸ் முன்யெகீதோஸ் தெ மதான்சாஸைத் தேடுங்கள். கின்தோவை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை, க்ளாவேயை மட்டும் ஒரு முறை.

பின்சேர்க்கை: இடது கைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் கை மாற்றி வாசியுங்கள், வேறொன்றும் இல்லை.

இன்னொன்று: தினம் மூன்று மணி நேரம் வாசித்த ஒருவருக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போயிருக்கிறது. பயமுறுத்தவில்லை, கையால் பலமாக அடிப்பவர்களுக்கு இரத்த அணுக்கள் உடைந்து இப்படி ஆவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மூன்றாவது முறையாகக் கேட்கப்படுவதால்: பாத்தா பாடம் இங்கே போட மாட்டேன். சமயச் சடங்குக்காகப் புனிதப்படுத்திய பாத்தாவைத் தீட்சை பெற்றவர்கள்தான் தொடலாம். படிக்க விரும்புகிறவர்கள் அந்த வழியில் வந்த ஒருவரிடம், புனிதப்படுத்தாத மேளத்தில், கேட்டுப் படியுங்கள்.

மண்வெட்டி பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். நுனியில் பழைய சாக்ஸைச் சுற்றித் தட்டினால் சத்தம் பாதியாகிறது.