போர் தண்ணி உப்பா இருக்கா? மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க

சோப்பு நுரைக்கல, பருப்பு வேகல, பைப்புல வெள்ளையா படியுதுன்னா உங்க போர் தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் ஜாஸ்தின்னு அர்த்தம், இதத்தான் கடினத்தன்மை, ஹார்ட்னெஸ்னு சொல்றாங்க. உடனே சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மைய எடுக்குற மெஷின், விக்கிறவங்கள கூப்பிட்டுடாதீங்க, மொதல்ல அளந்து பாருங்க.

டிடிஎஸ் மீட்டர வச்சு பாக்காதீங்க, அது தண்ணில கரைஞ்ச எல்லா உப்பையும் சேத்து காட்டும், கடினத்தன்மைய தனியா சொல்லாது. ஹார்ட்னெஸ் டெஸ்ட் கிட்னே தனியா விக்குது, சொட்டு சொட்டா விட்டுகிட்டே வந்தா ஒயின் கலர்ல இருக்குற தண்ணி சட்டுனு நீலமா மாறும், அதுவரைக்கும் எத்தன சொட்டுன்னு எண்ணி கணக்கு போடணும். இல்லன்னா ஏதாவது வாட்டர் டெஸ்டிங் லேப்ல குடுங்க. குடிநீருக்கான இந்திய தரம் ஐஎஸ் 10500 படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஓகே, வேற தண்ணியே இல்லன்னா 600 வரை விடுவாங்க.

படிகாரம் போட்டா சரியாயிடும்னு சொல்லுவாங்க, ஆகாது. அது கலங்கல் தண்ணிய தெளிய வைக்கும், அவ்ளோதான். கொதிக்க வச்சா பைகார்பனேட்டால வர்ற கடினத்தன்மை மட்டும் போகும், பாத்திரத்துக்கு அடியில வெள்ளையா ஒட்டுதே அதுதான். மேக்னட்ட பைப்புல கட்டுறதுக்கு எல்லாம் நான் காசு போட மாட்டேன்.

வீடு முழுக்க வேணும்னா ரெசின்னு சொல்ற சின்ன சின்ன மணி போட்ட சாஃப்ட்னர்தான் வழி. ரெசின் கால்சியத்தயும் மெக்னீசியத்தயும் பிடிச்சுகிட்டு சோடியத்த விடும், அதனால டிடிஎஸ் குறையாது, கடைக்காரர் குறையும்னு சொன்னா நம்பாதீங்க. சைஸ் கணக்கு இதான்: ஹார்ட்னெஸ் லிட்டருக்கு 600 மில்லிகிராம், தினம் 500 லிட்டர் செலவுன்னா தினமும் 300 கிராம் கடினத்தன்மைய அது பிடிக்கணும். ஒரு லிட்டர் ரெசின் சுமாரா 50 கிராம் பிடிக்கும், அப்ப 25 லிட்டர் ரெசின் நாலு நாளுக்கு தாங்கும், அப்புறம் கல்லு உப்பு கரைசல் விட்டு ரீஜெனரேட் பண்ணணும், அதாவது ரெசின கழுவி மறுபடி தயார் பண்ணணும். நாலு நாளைக்கு ஒருதடவ இத யாரு பண்றதுன்னு வீட்ல முதல்லயே பேசிக்கோங்க, இல்லன்னா ஆட்டோமேட்டிக் வால்வு போடுங்க.

சாஃப்ட்னர்ல வர்ற தண்ணில சோடியம் ஏறியிருக்கும், அதனால குடிக்க வேணாம், முக்கியமா பிபி இருக்குறவங்களுக்கு, சமையலுக்கும் குடிக்கவும் சின்ன ஆர்ஓ போதும்.

அவ்ளோ செலவு வேணாம்னா மொட்டமாடி மழைத்தண்ணிய ஃபில்டர் வச்சு சம்புல விடுங்க, மழைத்தண்ணில கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லவே இல்ல, போர் தண்ணியோட கலந்தாலே சோப்பு நுரைக்கும். கெட்டில்ல படிஞ்சதுக்கு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு கொதிக்க வச்சு அரை மணி விட்டா தானா உரிஞ்சு வரும். டேப் முனைல இருக்குற வலைய கழட்டி வினிகர்ல ஊற போடுங்க. பாத்ரூம் ஆசிட ப்ளீச்சோட மட்டும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

ரீஜெனரேட் பண்ணி வெளிய வர்ற உப்புத் தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, மழைநீர் தொட்டிக்குள்ளயும் விடாதீங்க, நேரா ட்ரெய்னேஜ்தான்.