கேள்விப் பெட்டியில் 'முறுக்கு' என்று எழுதுங்கள்: கல்லூரியில் பாலியல் நலக் குழு தொடங்கும் முறை

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தால் எங்கள் கல்லூரியில் எல்லோர் சட்டையிலும் சிவப்பு நாடா ஏறிவிடும். உறுதிமொழி, பேரணி, பிறகு தேநீர், சமோசா. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பேரணியில் பதாகையின் ஒரு முனையைப் பிடித்து நடந்த மாணவன், மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தனியே அழைத்துக் கேட்டான்: "சார், கைப்பழக்கம் இருந்தால் நரம்பு தளர்ந்துவிடுமா?" அதற்குள் யாரோ ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் லேகியத்துக்காக விடுதிக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டிருந்தான். அவன் அறைத் தோழர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆசிரியர்கள் ஒருவருக்கும் தெரியாது.

மாணவர்கள் முதலில் மாணவர்களிடம்தான் கேட்கிறார்கள். கேட்கப்படும் அந்த மாணவருக்குச் சரியான தகவல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது 'தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் துணிவும் வேண்டும். இந்தக் குழுவின் வேலை அவ்வளவுதான். அரை டாக்டர்களை உருவாக்குவது நம் நோக்கம் அல்ல.

தேவையானவை: பயிற்சி பெற்று அமர்வு நடத்தப்போகும் 8 மாணவர்கள் (இவர்களைத்தான் பயிற்றுநர்கள் என்கிறேன்), கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு வகுப்பறை, ஒரு காலணிப் பெட்டி, ஒரே அளவில் வெட்டிய தாள்கள். ஓர் அமர்வுக்கு 24 மாணவர்களுக்கு மேல் வேண்டாம். கலையரங்கில் 400 பேரை உட்காரவைத்தால் அது சொற்பொழிவாகிவிடும்.

முதல் படி: அனுமதி

புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் ஆதரவில் செஞ்சுருள் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. சில இடங்களில் கோப்பில் மட்டும் இருக்கும். பொறுப்பாசிரியர் யாரென்று கேட்டுப் போய்ப் பாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரே பெரும்பாலும் அதையும் பார்த்துக்கொள்வார்.

கடிதத்தில் 'பாலியல் கல்வி' என்று மொட்டையாக எழுதினால் முதல்வரின் மனத்தில் உடனே ஒரு பெற்றோரின் தொலைபேசி அழைப்பு ஒலிக்கும். மறைக்கவும் வேண்டாம், பிரித்து எழுதுங்கள்: எச்.ஐ.வி., பால்வினை நோய்த் தடுப்பு, மாதவிடாய் நலம், கருத்தடை, பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டங்கள். எந்த வாரம் எது என்ற அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.

முதல்வர் தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்த நிர்மலா அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி. மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, வேலூருக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சோதித்தார். ஒரு மாணவி செய்த வேலை. 2000-களின் தொடக்கத்தில் 'புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊர் ஊராக விளம்பரப் பலகை வைத்த மாநிலமும் இதுதான். நாற்சந்தியில் கேட்ட கேள்வியைச் சாத்திய அறைக்குள் கேட்க என்ன கூச்சம்?

இரண்டாம் படி: ஆள் தேர்வு

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களை வரிசையாகச் சேர்த்துவிடாதீர்கள். நான் முதல் ஆண்டு அதைத்தான் செய்தேன். எட்டுப் பேரும் அருமையாகப் பேசினார்கள், ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது வகுப்பில் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, 'உங்களுக்கு ஒரு சங்கடம் வந்தால் இந்த வகுப்பில் யாரிடம் சொல்வீர்கள்?' என்று மட்டும் கேட்கிறேன். மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள்தான் வேண்டும். ஆண், பெண் சரிபாதி. விடுதியில் தங்குபவரும் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவரும் இருக்கட்டும். வம்பு பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். 18 வயது நிரம்பியவர்களாகவும் பாருங்கள்.

மூன்றாம் படி: சொற்களைச் சரிசெய்தல்

பயிற்சியின் முதல் நாள் முழுவதையும் இதற்குக் கொடுங்கள். பள்ளியில் படித்த தகுதி வழக்கு நினைவிருக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. 'கால் கழுவி வந்தேன்' என்று இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டு எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம் எல்லோரும். கரும்பலகையில் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் வீட்டில் சொல்லும் சொல், இரண்டாவதில் நண்பர்களுக்குள் புழங்கும் குழூஉக்குறி, மூன்றாவதில் மருத்துவரிடம் சொல்லக்கூடிய சொல். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு செயலுக்கும் நிரப்பச் சொல்லுங்கள்.

முதல் பத்து நிமிடம் சிரிப்புதான். சிரிக்க விடுங்கள். பிறகு ஒன்று தானாகவே கண்ணில் படும்: நடுப்பத்தி பலகையைத் தாண்டி வழிகிறது, மூன்றாம் பத்தி பாதி காலி. மருத்துவரிடம் சொல்லச் சொல் இல்லாததால்தான் 'கீழே எரிச்சல்' என்று சொல்லிவிட்டுச் சிறுநீர் எரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆணுறை, ஆண்குறி, பெண்குறி, விதைப்பை, மாதவிடாய், சுயஇன்பம் எல்லாவற்றையும் குரல் தாழாமல் சொல்லப் பழகும்வரை யாரும் அமர்வு நடத்தக் கூடாது. நானும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று பழகியவன்தான்.

நான்காம் படி: எதற்கு வாக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

'இங்கே பேசியது இங்கேயே இருக்கும்' என்பது முதல் விதி. பெயர் சொல்லி அனுபவம் பேசக் கூடாது, தன் அனுபவத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்பது இரண்டாவது. ஆனால் 'என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். முதலாண்டு மாணவர்களில் சிலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகளே; அப்படிக் குற்றம் நடந்தது தெரியவந்தால் அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. இதை அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நம்பிக்கையோடு ஒருவர் வாய் திறந்த பிறகு 'இதை நான் சொல்லியாக வேண்டும்' என்று சொல்வது பெரிய துரோகமாகத் தெரியும். அப்படி ஒன்று வந்தால் பயிற்றுநர் தனியாகச் சுமக்கக் கூடாது. அன்றே பொறுப்பாசிரியரிடம் வர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

ஐந்தாம் படி: கேள்விப் பெட்டி

இதில்தான் நான் சறுக்கினேன். முதல் முறை பெட்டியை மேசையில் வைத்து, 'கேள்வி உள்ளவர்கள் எழுதிப் போடுங்கள்' என்றேன். எழுந்து வந்தவர்கள் மூவர். மூவரையும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அங்கேயே தாளைப் பிரித்து வாசித்தேன். அருகிலிருந்தவன் எட்டிப் பார்த்து, 'இது அவன் கையெழுத்து' என்று சொல்லிவிட்டான். அந்த மாணவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது செய்வது இது. எல்லோருக்கும் ஒரே நிறத் தாள், ஒரே நிறப் பேனா. எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். கேள்வி இல்லாதவர் தனக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரை எழுதலாம். ஆகவே அறையில் 24 பேனாக்களும் ஓடும்; யார் கேள்வி எழுதுகிறார், யார் 'முறுக்கு' என்று எழுதுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. நான்காக மடித்துப் பெட்டியில் போட்டதும் பெட்டி பொறுப்பாசிரியரிடம் போய்விடும். அவர் கேள்விகளைத் தன் கையால் வேறு தாளில் எழுதிக்கொண்டு மூலத்தைக் கிழித்துவிடுவார். பதில் அடுத்த வாரம். அந்த ஒரு வாரத்தில் அரசு மருத்துவமனை ஆலோசகரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். முதல் வாரம் பாதிக்கு மேல் முறுக்கும் முட்டைப் பப்ஸும்தான் வரும். மூன்றாம் வாரம் தின்பண்டம் குறைந்துவிடும்.

ஆறாம் படி: கோப்பை விளையாட்டு

வேதியியல் துறையிடம் கொஞ்சம் பீனாப்தலீன் (சோடா கலந்த நீரை இளஞ்சிவப்பாக்கும் திரவம்) கேட்டு வாங்குங்கள். 24 கோப்பைகளில் பாதியளவு தண்ணீர். ஒன்றில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சலவை சோடா கரைத்துவிடுங்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. இரண்டு கோப்பைகளின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டிவிடுங்கள். யாரும் குடிக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஒவ்வொருவரும் வேறொருவரோடு தண்ணீரைக் கலந்து பாதி பாதி பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் புதிய ஆள். வாய் கட்டிய கோப்பையோடு இணைந்தவர்கள் கோப்பையை மட்டும் தொட்டுக்கொள்வார்கள்.

பிறகு எல்லாக் கோப்பையிலும் ஒரு சொட்டு பீனாப்தலீன். ஒன்று இரண்டாகி, நான்காகி, அதிகபட்சம் எட்டுக் கோப்பைகள் இளஞ்சிவப்பாகும். 'பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்' என்பதை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை. கட்டிய கோப்பைகள் ஆணுறையைப் பற்றிப் பேச வழி செய்யும். ஒரு எச்சரிக்கை: 'முதல் கோப்பை யாருடையது?' என்று வகுப்பே துப்பறியக் கிளம்பும். விடாதீர்கள். அதைத் தேடும் ஆசையைத்தான் ஒதுக்கிவைத்தல் என்கிறோம் என்று அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பல ஆசிரியர்களுக்கே இது செய்தி.

ஏழாம் படி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஆண்களிடமிருந்து ஆண்டுதோறும் முதலிடம் நரம்புத் தளர்ச்சிக்குத்தான். ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்ற பழைய கணக்கில் உண்மை இல்லை. விந்து தொடர்ந்து சுரந்துகொண்டே இருப்பது. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது. உடம்பை உருக்குவது அந்தப் பயமே. இந்தப் பயத்தால் வரும் சோர்வுக்கு மனநல மருத்துவர் விக் 1960-இலேயே 'தாத்' என்று பெயர் கொடுத்துவிட்டார். நள்ளிரவுத் தொலைக்காட்சி வைத்தியர்களின் பிழைப்பும் இதை நம்பித்தான் ஓடுகிறது.

பெண்கள் பக்கம் வெள்ளைப்படுதல். 'எலும்பு உருகுகிறது' என்று பாட்டி சொன்னதை நம்பிப் பயந்திருப்பார்கள். நிறமற்றோ வெண்மையாகவோ, நாற்றமின்றி, மாதச் சுழற்சிக்கேற்பக் கூடிக் குறைந்தால் அது இயல்பு. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அவசரக் கருத்தடை மாத்திரை: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருக்கலைப்பு மாத்திரை அல்ல, மாதந்தோறும் எடுப்பதற்கானதும் அல்ல. நம் ஊர் மருந்துக் கடைகள் பலவற்றில் கேட்டால் 'இல்லை' என்ற பதிலோடு ஒரு பார்வையும் கிடைக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சத்துக்கும் அதே 72 மணி நேரம்தான் கெடு: தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஆணுறையைப் பணப்பையில் வைத்து உட்காராதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கருக்கலைப்பு பற்றிக் குசுகுசுவென்றுதான் கேட்பார்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் ஒப்புதல் மட்டும் போதும். கணவரோ பெற்றோரோ கையெழுத்திட வேண்டியதில்லை. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம்வரை அனுமதிக்கப்படும் சூழல்களில் திருமணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

'நான் ஆண், எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது, மருந்து உண்டா?' என்ற தாள் வராத ஆண்டு இல்லை. நோய் இல்லாததற்கு மருந்தும் இல்லை. 2018-இலிருந்து அது குற்றமும் இல்லை. 'மாற்றிவிடுகிறேன்' என்று கிளம்பும் சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொன்னது 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம். இந்தப் பதிலை வாசிக்கும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்காதீர்கள்.

படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம். சைபர் குற்றப் பிரிவும், பெண்களுக்கான உதவி எண் 181-உம் இருக்கின்றன.

எட்டாம் படி: வழி காட்டுதல்

எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு நம் ஊரில் நம்பிக்கை மையம் என்று பெயர். பயிற்றுநர்கள் எட்டுப் பேரும் ஒரு நாள் அங்கே நேரில் போய், விரும்பினால் சோதனையும் செய்துகொண்டு வர வேண்டும். எந்த வாசல், எந்தத் தளம், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று தெரிந்தவர் சொல்லும் வழிக்கு மதிப்பு அதிகம். ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். கூப்பிட்டுக் கேட்க 1097, கட்டணம் இல்லை.

அமர்வு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பெட்டியில் போடாத கேள்வியோடு ஒருவர் 'நாற்காலி எடுத்துவைக்க உதவி வேண்டுமா?' என்று வந்து நிற்பார். நாற்காலிகளை மெதுவாக எடுத்துவையுங்கள்.