கிப் ரிவர் சாலைக்குக் கிளம்பும் முன் டயர் காற்றைக் கவனியுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் டெர்பியிலிருந்து குனுனுரா பக்கம் போகும் கிப் ரிவர் சாலை சுமார் 660 கி.மீ. பெரும்பகுதி மண்ணும் சரளைக்கல்லும்தான். பெல், மேனிங் போன்ற பள்ளத்தாக்குகளுக்குப் பிள்ளைகளோடு முகாம் போக நினைத்தால், மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் போங்கள். மழைக்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள்.

தார் முடியும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி டயர் காற்றைக் குறையுங்கள். 40 பிஎஸ்ஐ வைத்திருந்தால் 28, 30-க்கு இறக்கலாம். சுமை அதிகமானால் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ரப்பர் இளகிக் கூர்கற்களின் மேல் வளைந்து கொடுக்கும், அலை அலையான மேடுபள்ளத்தின் உதறலும் குறையும். ஆனால் வேகத்தையும் கட்டாயம் குறைக்க வேண்டும். மென்மையான டயரில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். தார் வந்ததும் மறுபடி காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் தேவை. உதிரி டயர் இரண்டு இருப்பது நல்லது.

வழக்கமாக ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்கச் சொல்வார்கள். இந்தச் சாலையில் குறுக்கிடும் பென்டிகோஸ்ட் ஆற்றில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், அங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. கரையில் நின்று முன்னால் போகும் வண்டியைக் கவனியுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடவே வேண்டாம்.

அப்புறம், பெரும்பாலான இடங்களில் கைபேசி சிக்னல் கிடைக்காது. சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகாதீர்கள்; குடிநீரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.