முதல் கேம் பாங் இல்லை, அதில் புரோகிராமும் இல்லை

கம்ப்யூட்டர் கேம் வரலாற்றை யார் சொல்ல ஆரம்பித்தாலும் முதல் வரி அநேகமாக ஒன்றுதான்: "உலகின் முதல் வீடியோ கேம் பாங்." இரண்டு மட்டைகளால் பந்தைத் தட்டி ஆடும் அந்த கேமை அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்டது 1972-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் பிடிபி-1 கணினியில் ஸ்பேஸ்வார் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1958-இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு வில்லியம் ஹிகின்பாதம் ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைக் காட்டும் கருவி) திரையில் டென்னிஸ் காட்டினார். 1952-இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் ஏ.எஸ். டக்ளஸ் எக்ஸ்-ஜீரோ ஆட வைத்திருந்தார்.

சரி, அப்போது எதுதான் முதல்? வீடியோ கேம் என்றால் என்ன என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கைப் பொறுத்தது அது. வீட்டு டிவியில் இணைத்து ஆடுவதுதான் என்றால், ரால்ஃப் பேயர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஒடிசி. பாங்குக்குச் சில மாதம் முன்பே அது கடைக்கு வந்துவிட்டது. அதன் டென்னிஸை அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னல் நேரில் பார்த்த பிறகே அட்டாரியில் பாங் பிறந்தது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டு, 1976-இல் சமரசத்தில் முடிந்தது. "முதல்" என்று எழுதக் கை போனால் எதில் முதல் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களில் பெரிய வெற்றி பெற்ற முதல் கேம் பாங் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தரும் தவறு வேறு. பாங்கின் புரோகிராம் எத்தனை வரி, எந்த மொழியில் எழுதினார்கள் என்று கேட்பது. ஒரு வரிகூட இல்லை. அதில் புரோகிராமை இயக்கும் மைக்ரோபிராசசரே கிடையாது. அட்டாரி பொறியாளர் ஆலன் அல்கார்ன் சாதாரண லாஜிக் சிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, பந்து, மட்டை, ஸ்கோர் எல்லாவற்றையும் சர்க்யூட்டாகவே செய்தார். அந்த மட்டை திரையின் உச்சி வரை போகாது. அது சர்க்யூட்டில் இருந்த குறைதான். சரிசெய்தால் நன்றாக ஆடுபவர்கள் ஒரே காசில் முடிவே இல்லாமல் ஆடுவார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார்.

பழைய கேம்களில் நமக்கு "டிசைன்" என்று தெரிவதில் பாதி இந்த மாதிரி வந்ததுதான். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். பதற்றம் ஏற்றுவதற்காகத் திட்டமிட்டுச் செய்தது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த மெஷின் திரை ஒருமுறை மாறும் நேரத்துக்குள் ஒரே ஒரு எதிரியைத்தான் நகர்த்தும். 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு வினாடி ஆகும். பத்தே பேர் என்றால் விறுவிறுவென்று முடிந்துவிடும். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாதோ இதைக் கவனித்து, நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டார்.

அப்புறம் "8 பிட்". கட்டம் கட்டமாகத் தெரியும் படத்துக்கு அது பெயர் இல்லை, 256 வண்ணம் என்றும் பொருள் இல்லை. பிராசசர் ஒரே நேரத்தில் எத்தனை பிட்டைக் கையாள்கிறது என்பதுதான் கணக்கு. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் ஃபேமிகாம் 8 பிட் டிவி கேம் பெட்டி. ஆனால் திரையில் ஒரு சமயத்தில் 25 வண்ணம்தான் காட்டும். ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் அதற்குத் தாங்காது. கூட்டம் சேரும்போது உருவங்கள் மினுக் மினுக்கென்று மறைந்து தோன்றியதற்குக் காரணம் அதுதான். நாம் பாவம் டிவியைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

"ஈ.டி. என்ற ஒரே மோசமான கேம் 1983-இல் மொத்தத் தொழிலையும் சாய்த்தது" என்பதும் வழக்கமான கதை. அந்தப் பெயர் கொண்ட சினிமாவை வைத்து அட்டாரி ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்த கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சந்தையில் அப்போது யார் யாரோ கேம் வெளியிட்டு, கடைகளில் விற்காத சரக்கு குவிந்து கிடந்தது. நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் அட்டாரி புதைத்த கேம் கேசட்டுகளை 2014-இல் தோண்டியபோது ஈ.டி.யோடு வேறு பல கேம்களும் வெளியே வந்தன. தவிர, சரிந்தது அமெரிக்கச் சந்தை. ஜப்பானில் ஃபேமிகாம் விற்பனைக்கு வந்ததே அதே 1983-இல்தான்.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்கள். "9999 இன் 1" என்று அட்டையில் போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் அதே சில கேம்கள் திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கியிருந்தால் கேசட்டில் வாயை வைத்து ஊதாதீர்கள். அன்றைக்கு அது வேலை செய்தது ஊதியதால் இல்லை. கழற்றி மறுபடி செருகியபோது பின்கள் சரியாகப் படிந்ததால். எச்சில் ஈரம் நாளடைவில் அந்தப் பின்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

கூட வந்த துப்பாக்கியை எல்இடி டிவியில் முயன்று பார்த்துவிட்டு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போவதும் வீண். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. வாத்து சுடும் கேமில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து காலி. ட்யூப் டிவி அந்தக் கட்டத்தை உடனுக்குடன் வரையும். எல்இடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.